விறாந்தையின் இரு முனைகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் உங்கள் வகுப்பிலிருந்து ஒரு வைத்தியர் பேச வேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத் துறைக்குப் போனவர்கள் சிலர் இருக்கின்றோம். தொலைபேசியில் கூடிப் பேசித்தான் தலைப்பைத் தெரிந்தெடுத்தோம். பேசுவது ஒரு வாய் என்றாலும் பேச்சு எல்லோருடையதும். ஆகவே 'நாங்கள்' என்றே சொல்லப் போகின்றோம்.

வைத்தியர் என்றதும் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். நாங்கள் பேச வந்திருப்பது ஒரு சமையற்காரரைப் பற்றி. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் இந்த உரையை வைத்தது ஏற்பாட்டுக் குழுவின் குற்றம்.

ஏன் சமையற்காரர் என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம். எங்கள் பழைய கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். விறாந்தையின் ஒரு முனையில் இரசாயனவியல் ஆய்வுகூடம். மறுமுனையில் மனையியல் அறை. இடையில் நாற்பது அடிகூட இராது. எங்கள் காலத்தில் அந்த நாற்பது அடி பெரிய கடல். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை. மனையியல் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் வருவதில்லை. 'கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு விஞ்ஞானம், மற்றப் பிள்ளையளுக்கு மனையியல்' என்பது எவரும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைக்காததால் அதை எவரும் கேள்வி கேட்கவும் இல்லை. அந்த விறாந்தையை வேறொரு நாட்டில் நடந்து கடந்த ஒருவரின் கதையைத்தான் சொல்லப் போகின்றோம்.

அவர் பெயர் ஹெஸ்டன் புளூமென்தால். 1966இல் லண்டனில் பிறந்தவர். அவருக்குப் பதினாறு வயதானபோது குடும்பத்தோடு பிரான்சின் தெற்கே புறொவன்ஸ் பகுதிக்குப் போனார். அங்கே ஒரு பெரிய உணவகத்தில் சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாடு, தாம் என்ன ஆக வேண்டும் என்பதை அவருக்குத் தீர்மானித்துக் கொடுத்தது. சமையற் கல்லூரி எதிலும் அவர் படிக்கவில்லை. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பகலில் வேறு வேலைகள். போட்டோகொப்பி இயந்திரம் விற்றார்; கடன் வசூலிக்கும் வேலை பார்த்தார். மற்ற நேரத்தில் பிரெஞ்சுச் சமையல் நூல்களை வாசித்து, ஒரே உணவைத் திரும்பத் திரும்பச் சமைத்துப் பார்த்தார். 1995இல் இங்கிலாந்தின் பார்க்ஷயரில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள பிறே என்ற கிராமத்தில், பழைய மதுச்சாலை ஒன்றை வாங்கிச் சிறிய உணவகமாக்கினார். 'பற் டக்', அதாவது கொழுத்த வாத்து என்பது அதன் பெயர். 2004இல் அதற்கு மூன்றாவது மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது.

அந்தப் புகழ் இன்றைய பேச்சுக்குத் தேவையில்லை. எங்களைக் கவர்ந்தது அதற்கு முன்னர் நடந்த ஒரு சிறு விடயம். ஹரல்ட் மக்கீ என்ற அமெரிக்கர் உணவின் விஞ்ஞானத்தைப் பற்றி 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். அதைப் புளூமென்தால் வாசித்தார். இறைச்சியை முதலில் கடும் சூட்டில் சிவக்க வறுத்தால் மேலே ஓர் ஓடு உண்டாகி உள்ளே இருக்கும் சாற்றைப் பூட்டி வைக்கும் என்பது அக்காலச் சமையற்காரர்களின் வேதவாக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் என்ற புகழ்பெற்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் சொல்லி வைத்தது. அது பிழை என்று மக்கீ எழுதியிருந்தார்.

சான்று எல்லோருடைய காதிலும் விழுவதுதான். இறைச்சியைத் தாச்சியில் போட்டதும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கின்றதே, அது என்ன? உள்ளிருந்து கசியும் சாறு சூடான உலோகத்தில் பட்டு நீராவியாகும் சத்தம். சாறு பூட்டப்பட்டிருந்தால் அந்தச் சத்தம் தொடர்ந்து கேட்க வழியில்லை. தலைமுறை தலைமுறையாகச் சமையற்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, சாறு உள்ளே பூட்டப்படுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதை வாசித்த பின்னர், அப்படியானால் வேறு எவையெல்லாம் பிழை என்ற கேள்வி புளூமென்தாலைப் பிடித்துக்கொண்டது. அதன் பின்னர் எதையும் சோதித்துப் பாராமல் அவர் ஏற்கவில்லை.

வறுத்த இறைச்சி ருசிப்பதற்குக் காரணம் வேறு. அமினோ அமிலங்களும் வெல்லங்களும் சூட்டில் சேரும்போது நூற்றுக்கணக்கான மணப்பொருள்களும் மண்ணிறமும் உண்டாகின்றன. 1912இல் இதை விவரித்தவர் லூயி கமீய் மய்யார் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் ஒரு வைத்தியரும்கூட என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. பாணின் மேற்பொருக்கு, வறுத்த கோப்பி, பொரித்த வெங்காயம் எல்லாவற்றிலும் நடப்பது மய்யார் தாக்கம். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. நீரிழிவுக்காக எச்.பி.ஏ.1.சி. என்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்கின்றோம் அல்லவா? இங்கே பலர் செய்திருப்பீர்கள். இரத்தத்தில் உள்ள குளுக்கோசு ஈமோகுளோபின் என்ற புரதத்தோடு நொதியம் எதுவுமின்றித் தானாக ஒட்டிக்கொள்கின்றது. அதுவும் மய்யார் தாக்கத்தின் முதற்படிதான். தாச்சியில் சில நிமிடங்களில் நடப்பதன் தொடக்கம் உடலில் 37 பாகையில் மெதுவாக நடக்கின்றது. செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் கதையை அந்தப் பரிசோதனை சொல்லிவிடுகின்றது. மருத்துவ பீடத்தில் இதை மனப்பாடம் செய்த நாங்கள், அதைப் பாண் பொருக்கோடு பொருத்திப் பார்த்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். விறாந்தையைக் கடக்காததன் விலை அது.

இனி அவருடைய சமையலறைக்குள் போவோம். அவர் எடுத்துக்கொண்ட முதற் பெரிய கேள்வி உருளைக்கிழங்குப் பொரியல். ஆங்கிலேயரின் சிப்ஸ். தெருவோரக் கடையில் கடதாசியில் சுற்றிக் கொடுக்கும் சாதாரண உணவு. பொரித்து எடுத்தவுடன் மொறுமொறுப்பாக இருக்கின்றது. ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடுகின்றது. ஏன்?

காரணம் உள்ளே இருக்கும் ஈரம். கிழங்கின் நடுப்பகுதியில் எஞ்சியிருக்கும் நீர் ஆவியாகி வெளியே வரும்போது மேற்பொருக்கை நனைத்துவிடுகின்றது. ஆகவே பொரிப்பதற்கு முன்னரே நீரைக் குறைக்க வேண்டும். பல வழிகளைச் சோதித்துக் கடைசியில் அவர் கண்ட வழி மூன்று முறை சமைப்பது. முதலில் கிழங்குத் துண்டுகளைத் தண்ணீரில், உடையும் உடையும் என்ற பதம் வரும்வரை மெதுவாக வேகவைக்க வேண்டும். அப்போது மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகும். பின்னர் குளிரில் வைத்து ஈரத்தை உலரவிட வேண்டும். அடுத்து 130 பாகை செல்சியசில் எண்ணெயில் ஒரு முறை. மீண்டும் குளிர வைத்து, கடைசியாக 180 பாகையில் பொன்னிறமாகும்வரை ஒரு முறை. வெடிப்புகளுக்குள் எண்ணெய் புகுந்து ஒவ்வோர் இடுக்கையும் மொறுமொறுப்பாக்குகின்றது. ஈரம் குறைந்திருப்பதால் அந்தப் பொருக்கு நிலைத்து நிற்கின்றது.

இந்த முறை உலகமெங்கும் பரவியது. கூடவே ஒரு தீங்கும் வந்தது. வீடுகளில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடிப்பது கூடியதற்கு இப்படிப்பட்ட நாகரிகச் சிப்ஸ் ஆசையும் ஒரு காரணம் என்று 2014இல் லண்டன் தீயணைப்புப் படை எச்சரித்தது. அங்கிருந்து வந்திருக்கும் தங்கைமார் கவனிக்கவும்: வெப்பமானி இல்லாமல் இந்தப் பரிசோதனையைத் தொடங்க வேண்டாம், எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் விட்டுத் தொலைபேசிக்குப் போகவும் வேண்டாம்.

2006இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'முழுமையைத் தேடி' என்ற பொருள்படும் தொடர் ஒன்றை அவர் செய்தார். அடுத்த ஆண்டு இரண்டாவது தொகுதி வந்தது. அவர் எடுத்துக்கொண்ட உணவுகளைப் பாருங்கள். பொரித்த மீனும் சிப்சும், ஓவனில் சுட்ட கோழி, பீட்சா, ஸ்பகெட்டி, சொசேஜும் மசித்த கிழங்கும், ஹம்பேர்கர். அரச மாளிகை விருந்து எதுவும் இல்லை. சாதாரண மக்கள் சனிக்கிழமை இரவு சாப்பிடுவதைத்தான் ஆய்வுக்கு எடுத்தார். பெரிய உணவகக்காரர்கள் பொதுவாக இவற்றைத் திரும்பியும் பாரார்கள்.

சுட்ட கோழியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நெஞ்சு இறைச்சியும் கால் இறைச்சியும் ஒரே உடலில் இருந்தாலும் ஒரே சுபாவம் கொண்டவை அல்ல. நெஞ்சு இறைச்சி விரைவில் காய்ந்துவிடும். காலில் இணையத் தசை கூட. அது இளகக் கூடிய நேரம் வேண்டும். கால் வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு பஞ்சாகிவிடும். இறைச்சியின் புரதங்கள் எல்லாம் ஒரே வெப்பநிலையில் மாறுவதில்லை என்பதுதான் சூட்சுமம். மயோசின் என்ற புரதம் 50 பாகையை அண்டி மாறத் தொடங்கும். அக்ரின் என்ற புரதம் 65 பாகைக்கு மேலே போகும்போது சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றும். ஆகவே முதலாவது நடக்க வேண்டும். இரண்டாவது நடக்கக் கூடாது.

புளூமென்தால் கோழியை உப்புக் கரைசலில் பல மணி நேரம் ஊறவைத்தார். உப்பு தசைநார்ப் புரதத்தின் ஒரு பகுதியைத் தளர்த்துவதால் இறைச்சி கூடிய நீரைப் பிடித்து வைக்கும். பின்னர் ஓவனை 60 பாகையில் மட்டும் வைத்து, கோழியின் உட்பகுதியும் அந்த வெப்பநிலையை எட்டும்வரை பல மணி நேரம் விட்டார். அந்தச் சூட்டில் தோல் சிவக்காது. அதனால் கடைசியில் சூடான சட்டியில் தனியாகச் சிவக்க வைத்தார்.

இந்த இடத்தில் வைத்தியர்களாகிய எங்களுக்குக் கொஞ்சம் வியர்த்தது. கோழியில் கம்பைலோபக்டர், சல்மொனெல்லா போன்ற பக்றீரியாக்கள் இருக்கக்கூடும். அவற்றைக் கொல்ல வெப்பநிலை மட்டும் போதாது, நேரமும் வேண்டும். உட்பகுதி 70 பாகையில் 2 நிமிடம், அல்லது 65 பாகையில் 10 நிமிடம், அல்லது 60 பாகையில் 45 நிமிடம் இருக்க வேண்டும் என்பது பிரித்தானிய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் வழிகாட்டல். பாலைப் பாச்சர்முறைப்படி காய்ச்சுவதிலும் இதே கணக்குத்தான்: 63 பாகையில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 செக்கன். சூட்டைக் குறைத்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும். உயர்தர வகுப்பில் வரைபுத் தாளில் எத்தனை வளைகோடுகள் வரைந்தோம்! இந்த ஒரு வளைகோட்டை வரைந்திருந்தால் பள்ளிக்கூடத்தை விட்டுப் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் வாழ்நாள் முழுவதும் உதவியிருக்கும்.

வேடிக்கையான பரிசோதனைகளும் உண்டு. மீன் பொரிக்கும் மாக்கரைசலில் பியரும் வொட்காவும் சேர்த்து, சோடா அடிக்கும் போத்தலில் இட்டு வாயு ஏற்றினார். மதுசாரம் நீரைவிட விரைவாக ஆவியாகும். மாவில் பசைத்தன்மை உருவாவதையும் குறைக்கும். அதனால் மேற்பொருக்கு மெல்லியதாகவும் மொறுமொறுப்பாகவும் வரும். சொக்கிளேற்றைக் காற்றுக் குமிழிகளோடு உறைய வைக்க, வீடு துப்புரவாக்கும் தூசு உறிஞ்சி இயந்திரத்தைப் பயன்படுத்தினார். சிக்கன் ரிக்கா மசாலாவுக்காக டெல்லிக்குப் போய் வந்த பின்னர், ஊறவைத்த கோழியை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்தார். மசாலாவில் தயிர் சேர்த்தால் அது இறைச்சிக்குள் கூடிய ஆழம் போகிறதா என்று பார்க்க! எங்கள் நோயாளர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கும் இயந்திரத்தில் ஒரு கோழி படுத்திருந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகின்றது, பெருமூச்சும் வருகின்றது. ஆனால் கேள்வி நியாயமானது. தயிரில் ஊறவைத்தால் நல்லது என்று எல்லோரும் சொல்கின்றோம். உள்ளே என்ன நடக்கின்றது என்று யார் பார்த்தார்கள்?

இப்போது எங்களுக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகின்றோம். தக்காளிப் பழம்.

பெரிய பிரெஞ்சுச் சமையலறைகளில் தக்காளியின் தோலை உரித்து, விதையையும் அதைச் சுற்றியுள்ள கொழகொழப்பான சாற்றையும் வழித்து எறிந்துவிட்டுச் சதையை மட்டும் எடுப்பது வழக்கம். அதுதான் நேர்த்தி என்று கருதப்பட்டது. எறியப்படும் அந்தப் பகுதியில்தான் ருசி கூட இருக்கின்றதே என்று புளூமென்தாலின் நாக்கு சொன்னது. நாக்குச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. ரெடிங் பல்கலைக்கழக உணவு விஞ்ஞானிகளிடம் போனார். அவர்கள் அளந்து பார்த்தார்கள். விதைச்சாற்றில் சதையைவிடக் கூடிய குளுட்டமிக் அமிலம் இருப்பது உறுதியானது. 2007இல் ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் கட்டுரையாக வெளிவந்தது. ஆய்வாளர்கள் பெயர்களோடு அந்தச் சமையற்காரரின் பெயரும் இருந்தது.

குளுட்டமேற் என்பது ஐந்தாவது சுவைக்குக் காரணமான பதார்த்தம். ஜப்பானிய இரசாயனவியலாளர் கிக்குனே இக்கெடா 1908இல் கடற்பாசிக் குழம்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். வயது போகப் போக மணமும் சுவையும் மங்கிப் போகும். சில மருந்துகளும் வாயின் ருசியை மாற்றிவிடும். ஆகவே வைத்தியசாலையில் இருக்கும் முதியவர்களின் உணவை உமாமி மூலம் ருசியாக்க முடியுமா என்று ரெடிங் ஆய்வாளர்களும் புளூமென்தாலும் பின்னர் ஆராய்ந்தார்கள். 2011இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக, லிவர்பூலில் உள்ள அல்டர் ஹே சிறுவர் வைத்தியசாலையின் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கும் முயற்சியிலும் அவர் இறங்கினார்.

இதை அறிந்தபோது எங்கள் விடுதிகள் எங்கள் கண் முன்னே வந்தன. எத்தனை ஆண்டுகளாக நோயாளரின் பதிவேட்டில் 'உணவு உட்கொள்வது குறைவு' என்று எழுதி வந்திருக்கின்றோம்! எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கின்றோம். எங்கள் பொறுப்பில் ஒரு முதியவர் இருந்தார். இதய நோய். உப்புக் குறைத்த சாப்பாடு. தட்டு போனபடியே திரும்பி வரும். "பசி இல்லையோ ஐயா?" என்று கேட்டோம். "பசி இருக்குப் பிள்ளை. வாய்க்குத்தான் ஒண்டும் தெரியேல்லை" என்றார்.

அன்றுதான் அவருக்குக் கொடுத்த சூப்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தோம். அதற்கு முன்னர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் சொன்னது உண்மை. அதில் ஒன்றும் தெரியவில்லை. இரத்தத்தில் சோடியம் எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று அளந்த நாங்கள், அவர் வாயில் போவதை அளக்க மறந்துவிட்டோம். மகளிடம் சொல்லி, நன்றாகப் பழுத்த தக்காளியை விதைச்சாற்றோடு அவித்து வடித்து, உப்புக் கூட்டாமல், தேசிப்புளி சில துளி விட்டுக் கொண்டுவரச் செய்தோம். பாதிக் கோப்பை குடித்தார். மறுநாள் முழுக் கோப்பை.

ஒரு முதியவர் ஒரு கோப்பை சூப் குடித்தது ஆய்வு ஆகிவிடாது. மகள் கொண்டுவந்ததால் குடித்தாரோ, தக்காளியால் குடித்தாரோ, எங்களால் சொல்ல முடியாது. புளூமென்தாலிடம் கற்ற பாடத்தை அவரைப் பற்றிய கதையிலேயே மறந்துவிடக் கூடாது. ஆனால் அந்த நாளுக்குப் பின்னர் 'உணவு உட்கொள்வது குறைவு' என்று எழுதும் முன்னர் தட்டைத் திறந்து பார்க்கின்றோம். அது எங்களுக்கு மிஞ்சிய இலாபம்.

கதையின் கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பற் டக் உணவகத்தில் சாப்பிட்டவர்கள் வாந்தியும் வயிற்றோட்டமுமாக விழுந்தார்கள். உணவகத்தை மூடினார்கள். பாதிக்கப்பட்டோர் தொகை 500க்கு மேல் போனது. காரணம் நோரோவைரசு. மாசுபட்ட கடல்நீரில் வளர்ந்த சிப்பிகள் வழியாக அது உள்ளே வந்திருக்க வேண்டும் என்று விசாரித்த சுகாதார அதிகாரிகள் முடிவு செய்தார்கள். தகவல் கொடுப்பதில் தாமதம், நோயுற்ற பணியாளர்கள் சிலர் வேலையில் இருந்தமை ஆகியவையும் பரவலைக் கூட்டின என்றார்கள்.

உலகத்திலேயே மிக நுட்பமாக வெப்பநிலையை அளந்த சமையலறைகளில் ஒன்று அது. அங்கேதான் இது நடந்தது. நாங்கள் இதை ஏளனமாகச் சொல்லவில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நவீன இயந்திரங்களை வைத்துக்கொண்டு கைகழுவ மறந்தவர்களை நாங்களும் கண்டிருக்கின்றோம். அளக்க ஆசைப்படும் விடயத்தை மட்டும் அளந்தால் போதாது. சுகமில்லாத பணிப்பெண் வீட்டில் இருக்க முடிகிறதா, அந்த நாளுக்கு அவளுக்குச் சம்பளம் உண்டா என்பதும் சமையலின் விஞ்ஞானத்தில் ஒரு பகுதி. இதை எங்கள் நாட்டுக் கன்ரீன்களுக்கும் வைத்தியசாலைச் சமையலறைகளுக்கும் சேர்த்தே சொல்கின்றோம்.

அப்படியானால் முழுமை என்று ஒன்று உண்டா? புளூமென்தாலின் தேடலைப் பார்த்தால், ஒவ்வோர் உணவிலும் அவர் ஒரு நினைவைத் தேடியிருக்கிறார் என்று தெரிகின்றது. மீன் பொரியலோடு, வெங்காய ஊறுகாயின் வினாகிரியைச் சிறு போத்தலில் இட்டு வாசனைத் திரவியம்போலத் தெளித்தார். சிறு வயதில் கடைக்குள் நுழையும்போது மூக்கில் ஏறிய அந்த மணம் இல்லாமல் மீன் முழுமையாகாது என்பது அவர் கருத்து. எங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கின்றது. இடைவேளை மணி அடித்ததும் கன்ரீனில் முண்டியடித்து வாங்கிய றோல்ஸ். ரொறன்ரோவிலும் சிட்னியிலும் எத்தனை கடைகளில் வாங்கினாலும் அந்த றோல்ஸ் ஆகாது. அதில் பாதி ருசி கிழங்கில் இல்லை, அந்த மணியில் இருந்தது. எந்த வெப்பமானியாலும் அதை அளக்க முடியாது. ஆனால் மற்றப் பாதியை அளக்கலாம், கற்பிக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

கடைசியாக, எங்கள் மனையியல் ரீச்சரைப் பற்றி. பெயர் சொல்லவில்லை, எங்கள் காலத்தவர்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடான அந்த ஆண்டுகளில் அவர் ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருந்தார். மனையியல் படித்த தோழி ஒருத்தி அண்மையில்தான் அதைப் பற்றி எங்களுக்குச் சொன்னாள். ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் அதில் எழுதுவாராம். 'இன்று மா வேறு கடை. தண்ணீர் அரைக் கோப்பை கூடத் தேவைப்பட்டது.' 'விறகு ஈரம். பத்து நிமிடம் பிந்தியது.' 'சீனி குறைத்தேன். நிறம் வரவில்லை.' ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நடந்ததை நடந்தபடி எழுதி, பிழைத்ததையும் மறைக்காமல் குறித்து வைப்பதற்கு விஞ்ஞானம் என்று பெயர். 'சீனி குறைத்தேன், நிறம் வரவில்லை' என்பது மய்யார் தாக்கம் பற்றிய ஒரு குறிப்பு. நாற்பது அடி தள்ளியிருந்த ஆய்வுகூடத்தில் நாங்களோ புத்தகத்தில் உள்ள விடையை முன்னரே பார்த்துவிட்டு, அது வரும்படி அளவீட்டைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தோம். எங்கள் இரசாயனவியல் ஆசிரியை மன்னிக்க வேண்டும். உண்மையான விஞ்ஞானி அன்று விறாந்தையின் எந்த முனையில் இருந்தார் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

அந்தக் கொப்பி இன்று எங்கே என்று தெரியவில்லை. இடப்பெயர்வில் போயிருக்கலாம். ஒரு சமையற்காரரின் குறிப்புகள் சஞ்சிகையில் கட்டுரையாகின்றன. ஒரு மனையியல் ஆசிரியையின் குறிப்புகள் அடையாளமின்றிப் போகின்றன. அவர் எழுதியதைச் சமையற் குறிப்பு என்று மட்டும் நாங்கள் எல்லோரும் நினைத்ததுதான் காரணம்.

நூற்றாண்டு நினைவாகச் சங்கம் ஆய்வுகூடத்தைப் புதுப்பிக்க நிதி சேர்க்கின்றது. எங்கள் வகுப்பும் தன் பங்கைக் கொடுக்கின்றது. அதனோடு ஒரு வேண்டுகோளையும் வைக்கின்றோம். அதிபர் அவர்களே, தவணைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், விஞ்ஞானப் பிள்ளைகளும் மனையியல் பிள்ளைகளும் ஒரே மேசையில் நிற்கட்டும். நல்ல வெப்பமானிகள் சிலவும் ஒரு தராசும் நாங்கள் வாங்கித் தருகின்றோம். கிழங்கு ஏன் தளர்கின்றது, பால் ஏன் திரைகின்றது, பருப்பில் உப்பை முதலில் போட்டால் என்ன, பிறகு போட்டால் என்ன என்று அவர்கள் சோதித்துப் பார்க்கட்டும். அம்மா சொன்னது சரியாகவும் வரலாம், பிழையாகவும் வரலாம். எது வந்தாலும் அப்படியே எழுதட்டும். எழுதிய கொப்பிகளை நூலகத்தில் வையுங்கள். இம்முறை தொலைந்து போகாமல் இருக்கட்டும்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகின்றது. போகும் வழியில் விறாந்தையின் இரு முனைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.